அடிக்கண் மஞ்சளானால் வெட்டு

அன்னாசி வெட்டுக்கு வந்துவிட்டதா என்பதை அடிக்கண்ணே சொல்லிவிடும். கொல்லிமலையில், சோளக்காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், செடிக்குச் செடி குனிந்து பழத்தின் அடிவரிசையைப் பார்த்தார். அங்கே கண்கள் தட்டையாகி மஞ்சள் ஏறியிருந்தால் கொடுவாள் இறங்கும். பச்சையாக இருந்தால் அடுத்த செடி. முள் விளிம்பு இலைகளுக்குப் பயந்து கையில் சாக்குத் துணி சுற்றியிருந்தார்.

விக்கிரவாண்டியில் எங்கள் தெருவில் வீட்டுத் தோட்டம் என்றால் முருங்கை, வாழை, கறிவேப்பிலை. பின்கட்டில் அன்னாசியும் வைக்க எனக்கு ஆசை. பரம்பரையாகப் பயிர் செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு நடலாம் என்றுதான் ஆனி மாதம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினேன். நான் பார்த்தது மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் தோட்டம். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகு, கீழே காப்பி, சரிவில் அன்னாசி.

கன்று பிரிப்பது அந்த வீட்டு அம்மாவின் வேலை. கடையில் வாங்கும் அன்னாசியில் பெரும்பாலும் விதை இருக்காது. கொண்டையோ பக்கக்கன்றோதான் அடுத்த செடி. நடுவதற்கு 300 முதல் 350 கிராம் எடையுள்ள கன்று நல்லது என்கிறது வேளாண் கையேடு. அந்த அம்மாவிடம் தராசு இல்லை. கையில் ஏந்திப் பார்த்தே இளசை ஒரு பக்கம், முற்றியதை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே போனார். “கொண்டைய நட்டா ரெண்டு வருசம் காத்துக் கெடக்கணும் தம்பி. பக்கக்கன்னுன்னா ஒன்றரை வருசம்” என்றார். பிரித்ததை உடனே நடுவதும் இல்லை. அடி இலைகளை உரித்து, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் கிடத்துகிறார்கள். ஈர வெட்டோடு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும்.

ஒன்றரை ஆண்டுக்கு ஒரு செடியில் ஒரே பழம். அதைச் சந்தையில் வாங்குகிறவர்கள் பேரம் பேசுவது பழத்தின் பருமனைப் பார்த்துத்தான். அத்தனை மாதம் சரிவில் குனிந்து களையெடுத்த முதுகுகளுக்கு அந்த விலையில் பங்கு மிகக் குறைவு. எனக்கு மனம் ஆறவில்லை.

அந்த மலை 1,000 மீட்டர் உயரத்துக்கும் மேல். எங்கள் ஊரிலோ சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆகவே அரை நிழல் வேண்டும். காய் திரளும்போது உச்சிவெயில் சுடாமல் வைக்கோல் மூட வேண்டும். வெயிலைவிட எனக்குக் கவலை தேங்கும் நீர்தான். அன்னாசி வேர் ஆழம் போகாது, தண்ணீர் நின்றால் தாங்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டியதே! அதனால் மேட்டுப்பாத்திதான் என்று முடிவு செய்தேன்.

பூக்கத் தாமதிக்கும் செடிக்கும் வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடி வீடுகளில், புகை பட்ட அன்னாசிகள் ஒன்றாகப் பூத்ததைக் கண்டார்கள். புகையிலுள்ள எத்திலீன்தான் காரணம். இன்று பெருந்தோட்டங்களில் எத்திலீனை வெளியிடும் எத்ரல் கரைசலைக் குருத்தில் ஊற்றுகிறார்கள். வீட்டில் பழுத்த வாழைப்பழத்தைச் செடியடியில் வைத்துச் சில நாள் பையால் மூடிவைத்தாலும் அதே வாயு கிடைக்கும். ஆனால் செடியில் 35, 40 இலைகள் வந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முந்தினால் பழம் சிறுத்துப்போகும்.

புறப்படும்போது அந்த அம்மா சாக்கில் கன்றுகளைக் கட்டிக் கொடுத்தார். “பழம் வெட்டுன தூருல ஒரு கன்ன மட்டும் விட்டுட்டு மத்தத எடுத்துருங்க தம்பி. மறுதாம்புலயும் பழம் வரும்” என்றார்.