படச்சுருள் பாடும் கிராமம்

ஹௌராவிலிருந்து கரக்பூர் செல்லும் ரயிலில் பாலிசக் நிலையத்தில் இறங்கி, பிங்லா பக்கம் சாலையில் போனால் நயா வருகிறது. மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்டத்துச் சிறு கிராமம். வீட்டுச் சுவர்களில் மீன், மரம், புலி. இங்கு வாழும் பட்டுவாக்களின் குடும்பப் பெயர் சித்ரகர். பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆனால் பாடும் கதைகளில் மனசா தேவியும் உண்டு.

நீண்ட படச்சுருளை மேலிருந்து கீழாகப் பிரித்து, கட்டம் கட்டமாக விரலால் சுட்டிப் பாடுவது இவர்கள் தொழில். குழந்தைகளுக்கென்றே மீன் கல்யாணம் இருக்கிறது. சின்ன மீன்கள் ஊர்வலம் போக, கடைசியில் பெரிய வாளை வாயைப் பிளக்கிறது. எது எதைத் தின்று வாழ்கிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் ஏது? மரம் நடுவதற்கும் தனிச் சுருள் உண்டு. 2004 சுனாமி பற்றி ஜாய்தேவ், மொய்னா சித்ரகர் தம்பதி படைத்த சுருளைச் சென்னையின் தாரா புக்ஸ் புத்தகமாக்கியது.

வண்ணங்களும் தோட்டத்துச் சரக்குதான். நீலத்துக்குச் சங்குப்பூ, மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு, கறுப்புக்கு விளக்குக் கரி. ஒட்ட வில்வப் பிசின்.

முன்பு வீடு வீடாகப் பாடி அரிசி வாங்கினார்கள். இப்போது 2010இல் தொடங்கிய 'பட் மாயா' விழாவுக்கு நகரத்தவர் வந்து சுருள் வாங்குகிறார்கள். வருமானம் கிடைக்கிறது; நல்லதுதான். ஆனால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய சுருளைப் பிரித்துப் பாட முடியாது. பள்ளிகள் பட்டுவாக்களை வகுப்பறைக்கு அழைத்தால் பாட்டும் பிழைக்கும், பாடமும் நடக்கும்.