தண்டு போன தடம்: எண்ணூரில் ஒரு பர்மா சாப்பாடு

போன மாதம் பூவன் வெட்டி முடித்த கையோடு சென்னைக்கு ரயில் ஏறினேன். துணிப்பை ஒன்று, சாக்கு மூட்டை ஒன்று. சாக்கில் பன்னிரண்டு வாழைத்தண்டு. தண்டு வாடாமல் இருக்க உள்பட்டை இரண்டை விட்டுத்தான் அறுத்திருந்தேன். எழும்பூரில் இறங்கியதும் சுமை தூக்க வந்தவர், “என்னா பெரியவரே, ஊர்லேர்ந்து தண்டா? கோயம்பேட்ல கிடைக்காததா?” என்றார். கிடைக்கும்தான். ஆனால் இந்தத் தண்டு போய்ச் சேர வேண்டிய வீடு ஒன்று எண்ணூரில் இருந்தது. 55 வருடம் தாமதமாகப் போகிறது.

எங்கள் ஊர் தொட்டியம் பக்கம், காவிரிக் கரை. எனக்கு இருப்பது மூன்று ஏக்கர் வாழை. அதில் இரண்டு ஏக்கர் என் தாத்தா வாங்கியது என்று பத்திரம் சொல்கிறது. வாங்கிய பணம் பெரியப்பாவுடையது. பதினேழு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர், அங்கே அரிசி ஆலையில் மூட்டை சுமந்து மணியார்டர் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1965-ல் மனைவி, ஒன்பது வயது மகளோடு ஒரு தகரப் பெட்டியுடன் ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஐந்து வயது.

பெரியப்பா எங்களோடு நான்கு வருடம் இருந்தார். அவரைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். குலை வெட்டிய மரத்தைப் பிளந்து தண்டை எடுத்து, பெரியம்மாவிடம் கொடுத்து, கடலைமாவும் பூண்டும் போட்டுக் குழம்புபோலக் கொதிக்க வைக்கச் சொல்வார். அதில் இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார். ‘மொய்ங்கா’ என்பார். எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். தாத்தா இறந்த பிறகு ஓர் ஏக்கர் தனக்கு வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். “பத்திரம் அய்யா பேர்ல இருக்கு, அய்யா எனக்கு எழுதிட்டுப் போயிட்டாரு” என்று அப்பா சொன்னார். 1969-ல் அவர்கள் மெட்ராஸ் போய்விட்டார்கள். இரண்டு கடிதம் வந்ததாகச் சொல்வார்கள். பதில் போனதாக யாரும் சொன்னதில்லை.

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெரியப்பா மகளின் பேத்திக்குக் கல்யாணம். முகவரி: பர்மா நகர், எண்ணூர். கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அதில் இருந்த போன் நம்பருக்குக் கூப்பிட்டேன். “யாரு, சின்னவனா?” என்றது அக்காவின் குரல். “வரும்போது ரெண்டு தண்டு கொண்டா” என்றது.

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து எண்ணூர்

என் தம்பி மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். “பெரியப்பா, இங்க வாங்க, கொரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறேன். முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுறாங்க, நீங்க பார்க்கணும்” என்றான். வெளிநாட்டுக்காரர்கள் தொழிற்சாலை வைத்தால் பின்னாலேயே அவர்கள் சாப்பாடும் வந்துவிடும். பர்மா சாப்பாடு வந்த கதை வேறு. அதைக் கொண்டுவந்தவர்கள் நம் ஆட்கள். அதுவும் துரத்தப்பட்டு வந்தவர்கள். “அடுத்த தடவை பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவான கடை வரிசை. இன்று அங்கே செல்போனும் அதன் உதிரி சாமான்களும்தான் கண்ணில் படுகின்றன. பின்னால் செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் ஆனால் அத்தோ வண்டிகள் நிற்கும் என்றார்கள். நான் போனது காலை நேரம். கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரயிலைப் பிடித்தேன்.

அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. கிழக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அதைத் தாண்டி வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். ஒரு பக்கம் வடிவுடையம்மன் கோயில், பட்டினத்தார் அடங்கிய இடம். மறுபக்கம் லாரி, பைக், டயர் கம்பெனிகள் பிறந்த பேட்டை. நடுவில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. திருவொற்றியூரில் ரயிலுக்குள் வந்த காற்றில் உப்பும் இருந்தது, மருந்தடித்த வயலில் வரும் நெடியும் இருந்தது.

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் “பர்மா நகர்” என்றதும் விட்டார்கள். கடலை ஒட்டி நெருக்கமான வீடுகள். வாசலிலேயே அக்கா நின்றிருந்தது. 68 வயது. என்னைப் பார்க்காமல் சாக்கைத்தான் முதலில் பார்த்தது. ஒரு தண்டை எடுத்துப் பட்டையை உரித்து, நகத்தால் கீறி, “பூவன்தானே? நார் கம்மி” என்றது. காவிரிக் கரையை விட்டுப் போனபோது அதற்குப் பதின்மூன்று வயது.

நோட்டு காகிதமான கதை

“உங்க வீட்ல அப்பாவைப் பைத்தியம்னு சொல்வாங்கல்ல?” என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டது. நான் தலையை ஆட்டினேன். பிறகு அதுவே சொல்லிக்கொண்டு போனது.

பர்மாவின் ஐராவதி டெல்டா ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த பூமி. நம் நகரத்தார் அங்கே கொடுத்த கடன்கள், 1930-களின் விலை வீழ்ச்சியில் வசூலாகாமல் நிலமாக மாறின. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்தது. உள்ளூர் விவசாயிக்கு அதில் கோபம் இருந்தது. நிலத்தை இழந்தவனின் கோபம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது லட்சக்கணக்கானவர்கள் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். போர் முடிந்து பலர் திரும்பப் போனார்கள். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்தடுத்து ஆலைகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள்.

“அப்பா பெட்டியில வெச்சிருந்தது அத்தனையும் நூறு ரூபா நோட்டு. ஒரே ராத்திரில காகிதமாச்சு. அம்மா தோடுகூடக் கொண்டு வர விடலை” என்றது அக்கா. நிலத்தால் பகை வந்ததோ பெரிய முதலாளிகளுக்கு. வெளியேறியது மூட்டை தூக்கியவனும்தான். இந்த அறுபதுகளில் இந்தியா திரும்பியவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் நிறையப் பேர் வியாசர்பாடியிலும் இந்த எண்ணூரிலும் குடியேறினார்கள். சிலர் இங்கே ஒட்ட முடியாமல் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர் தெரு இருக்கிறது. பெரியப்பாவும் ஒட்ட முடியாமல் போனவர்தான். அவருக்கு ஒட்டாமல் போனது எங்கள் வீடு.

ஒரு தட்டு அத்தோ

சாயங்காலம் அக்கா என்னைத் தெருமுனை வண்டிக்கடைக்குக் கூட்டிப்போனது. கடைக்காரர் அக்காவுக்கு மருமகன் முறை. என் தண்டில் ஆறு அவர் கடைக்குப் போயிருந்தது.

அத்தோ என்றால் பர்மா மொழியில் கலந்து பிசைந்தது என்று பொருள். பெரிய பேசினில் ஆரஞ்சு நிறக் கோதுமை நூடுல்ஸ் ஒரு பிடி. மேலே மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், வறுத்த கடலைமாவு, வரமிளகாய்த் தூள், உப்பு. தட்டைபோல மொறுமொறுவென்று இருக்கும் ‘பேஜோ’வை நொறுக்கிப் போட்டு, கொத்தமல்லி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, கையாலேயே பிசைந்து கொடுத்தார். அடுப்பில் எதையும் வதக்கவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வேகவைத்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த பூண்டும் வெங்காயமும் புளியும் அடைத்து ஒன்று.

முதல் வாயில் புளிப்பு, அடுத்தது பூண்டு, கடைசியில் மிளகாய். முட்டைக்கோஸ் பச்சையாக இருப்பதால் ஒவ்வொரு கடியிலும் நறுக்கென்று ஒரு சத்தம். என்னைச் சுற்றி நின்று சாப்பிட்டவர்கள் துறைமுக டிரைவர்கள், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள். எல்லாரும் சூப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. நானும் மூன்றாவது கிண்ணம் வாங்கினேன். கடலைமாவு கரைந்த மஞ்சள் சாறு, மிளகின் காரம், வட்ட வட்டமாகத் தண்டு. ஐந்து வயதில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்த வாசனை அதுதான். அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“அங்க கெளுத்தி மீன் போட்டு அரிசி நூடுல்ஸோட குடுப்பாங்க. அதுதான் மொய்ங்கா. இங்க எல்லாரும் சாப்பிடணும்னு மீனை எடுத்துட்டாங்க” என்றது அக்கா. “மீன் போடணும்னாலும் ஆத்து மீனுக்கு எங்க போறது?”

முகத்துவாரம்

மறுநாள் காலை அந்த ஆற்றையும் காட்டியது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். அந்தக் கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகம். சாம்பல் கலந்து ஆறு மேடேறிவிட்டது என்று படகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீனவர் சொன்னார். கையால் தடவி இறால் பிடித்த இடம் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையிலும் படகிலும் அப்பியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், ஓர் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

“கப்பல்ல வந்தப்ப ஓடினது, ஊரை விட்டு ஓடினது, அப்புறம் அன்னைக்கு ராத்திரி ஓடினது” என்று அக்கா விரல் மடக்கிச் சொன்னது.

எனக்குப் பேச்சு வரவில்லை. வாழைக்கு மாதம் தவறாமல் மூட்டை மூட்டையாக உரம் வைக்கிறவன் நான். அமோனியா இல்லாமல் தழைச்சத்து உரம் இல்லை. மூட்டையின் விலை ஏறினால் கடைக்காரரிடம் சண்டை போடுவேன். அந்த மூட்டை யார் வீட்டு வாசல் வழியாக வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உரத்தை விட்டுவிடுங்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மண்பரிசோதனை அட்டையில் எழுதியதற்கு மேல் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

வெட்டிய மரத்தில் மீதி

கடைக்காரரிடம் தொழில் பேசினேன். தண்டு தினமும் வேண்டும். கோயம்பேட்டில் வாங்குவதில் பழையது கலந்துவிடுகிறது, கருத்துப்போனால் சூப்பின் நிறமே மாறிவிடும் என்றார். நம் பக்கத்தில் ஆறுக்கு ஆறு அடியில் வைத்தால் ஏக்கருக்கு 1,210 மரம். குலை தள்ளிய மரத்தில்தான் நடுத்தண்டு இருக்கும், ஆகவே வெட்டிய ஒவ்வொரு மரத்திலும் ஒன்று. நாம் அதை வயலிலேயே விட்டு, அழுகவிட்டு, தண்டு கூன்வண்டுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம். குலை வெட்டிய அன்றோ மறுநாளோ தண்டை எடுத்து, உள்பட்டை இரண்டை விட்டு, ஈரச் சாக்கில் சுற்றினால் ரயில் பயணம் தாங்குகிறது. என் பன்னிரண்டும் தாங்கின. மிச்சப் பட்டையை நறுக்கி மூடாக்காகப் போட்டால் சாம்பல்சத்து மண்ணுக்கே திரும்பும். மதிப்புக்கூட்டிய தண்டுப் பொருட்கள் செய்யப் பழக விரும்புகிறவர்களுக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கிளம்பும் முன் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். “அக்கா, மேற்குக் கட்டு ஏக்கரை உன் பேருக்கு எழுதித் தந்துடுறேன். அது பெரியப்பா காசு.”

அக்கா கொஞ்ச நேரம் தண்டின் நாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. அழவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “அம்பத்தஞ்சு வருசம் கழிச்சு வந்து கேக்குற. பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றது. “அதுவரைக்கும் அந்தக் கட்டுல வெட்டுற தண்டை அனுப்பு. காசு வேணாம்னு சொல்லிடாதே. கணக்கு இருக்கணும்.”

இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். கணக்கு நோட்டுப் போட்டிருக்கிறேன். அதில் முதல் பக்கத்தில் பெரியப்பா பெயர். பையன் இன்னும் பதில் சொல்லவில்லை.