ஆண்டீஸ் மலையில ஒரு ஓய்வு நாள்

ரெண்டு வாரமா வெள்ளிக்கிழமை அன்னதானத்துல எங்க ஏழு பேரையும் காணோமேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பெரு நாட்டுக்குப் போயிருந்தோம். மச்சு பிச்சு படத்தை எல்லாரும் போடுவாங்க. நாங்க சொல்ல வந்தது அதுக்கு முந்தின நாளைப் பத்தி. பயணத் திட்டத்துல அதுக்கு ‘ஓய்வு நாள்’னு மட்டும்தான் பேரு.

குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரம். நம்ம கெந்திங்கே 1,800 தான். லீமாவிலிருந்து விமானத்துல போய் நேரா அங்க இறங்கினா உடம்புக்குப் பழக நேரமே கிடையாது. மடப்பள்ளி அக்காவுக்கு (வயசு 66, தைப்பூசத்துல அசராம அண்டா கிளறுறவங்க) அன்னிக்கு ராத்திரி தலைவலி, வாந்தி. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. விரல்ல மாட்டுற கருவி 82 காட்டுச்சு. வழிகாட்டித் தம்பி யோசிக்கவே இல்ல, “காலையில கீழ இறங்கிடுவோம்”னுட்டார். அக்காவோட கவலை வேற. மச்சு பிச்சு பார்க்கணும்னு ஆசைப்பட்டது அவங்க வீட்டுக்காரர். அவர் தவறி மூணு வருஷம் ஆச்சு. “அது குஸ்கோவை விட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழதான் இருக்கு, பயப்படாதீங்க”ன்னு தம்பி சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாங்க.

காலையில ஒரு மேட்டைத் தாண்டி ஊருபாம்பா பள்ளத்தாக்குல இறங்கினோம். சுமார் 2,900 மீட்டர். மோராய் வட்ட வயல்கள் 3,500 மீட்டர்ல இருக்குன்னு அதை விட்டுட்டோம். ஒருத்தர் மட்டும் முணுமுணுத்தார், பேர் வேண்டாம். ஆத்தங்கரையில யூகலிப்டஸ் நிழல், எதிரே பனி மலை. அக்கா ரெண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, “பசிக்குது”ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாரும் காத்திருந்தோம்.

சைவத்துக்குக் குறையே இல்ல. கின்வா சூப்பு, அவிச்ச உருளைக்கிழங்கு, கட்டைவிரல் நகம் அளவு மணியுள்ள மக்காச்சோளம். பக்கத்து வீட்டு வாசல்ல கம்பு நுனியில சிவப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்துச்சு. உள்ள சிச்சா கிடைக்கும்னு அர்த்தமாம், மக்காச்சோளத்தைப் புளிக்க வச்ச பானம். நாங்க குடிக்கல. ஆனா அந்த வீட்டம்மா குடிக்கிறதுக்கு முன்னாடி நாலு சொட்டு மண்ணுல ஊத்தினாங்க. பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு. அக்கா பேசாம கை கூப்பினாங்க. அந்தம்மா சிரிச்சுட்டு ஒரு சோளக்கதிரை எடுத்து நீட்டினாங்க. பாஷையே தேவைப்படல.

சாயங்காலம் கருவி 91 காட்டவும் மாராஸ் உப்பளத்துக்குப் போனோம். மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பாத்திகள். மலைக்குள்ளேருந்து வர்ற உப்பு ஊத்தை வாய்க்கால் வெட்டி ஒவ்வொண்ணா நிரப்புறாங்க, வெயில் மீதியைப் பார்த்துக்குது. இன்கா காலத்துக்கும் முந்தின வழக்கம். இன்னிக்கும் ஊர்க் குடும்பங்களுக்குத்தான் பாத்திகள் சொந்தம். அக்கா உப்பை நாக்குல வச்சுப் பார்த்து, “ரசத்துக்குச் சரியா வரும்”னாங்க.

மறுநாள் விடியக்காலையில ரயிலுக்கு முதல் ஆளா கிளம்பி நின்னவங்க அவங்கதான். ஒரு பை உப்பு மடப்பள்ளியில இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ரசம் அதுலதான், வந்துடுங்க.