தோளுக்குப் பின்னால் நின்றவர்கள்

சியோல்,
வெள்ளி இரவு

அன்புள்ள சேகர்,

அரண்மனை பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பாய். பார்த்தேன், அரை மணி நேரம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது வேறோர் இடத்தில். ஜொங்காக் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் லோல் பார்க் என்று ஓர் அரங்கு இருக்கிறது. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ வீடியோ கேமின் கொரிய லீக் போட்டிகள் நடக்கும் இடம். சுமார் 400 பேர்தான் உட்காரலாம். நம் ஊர் கல்யாண மண்டபத்துப் பந்தியே இதைவிடப் பெரிது.

இந்த ஆட்டத்தின் பெரிய நட்சத்திரமான ஃபேக்கர் ஆடும் நாளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு இரண்டு அணிகளின் ஆட்டம். அணிக்கு ஐந்து பேர், காதை அடைத்த ஹெட்செட், முன்னால் கம்ப்யூட்டர். என்னைச் சுற்றி இளம்பெண்களே அதிகம். கையால் வரைந்த அட்டைகளைப் பிடித்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் யாரோ ஒருவர் “ஹானா, துல், செட்” என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, மொத்தப் பேரும் அணியின் பெயரைக் கத்தினார்கள். பிறகு ஒரே அமைதி. எனக்கு ஆட்டம் பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் பக்கத்துச் சீட்டுப் பெண் மூச்சைப் பிடித்ததை வைத்தே எது முக்கியமான கட்டம் என்று தெரிந்துகொண்டேன்.

உன் பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்தது. ஒருவன் ஆட, நான்கு பேர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்களே, “காசு கொடுக்காதவன் வெளியே போ” என்று நீ விரட்டுவாயே! அந்த நான்கு பேரை இந்த ஊர்க்காரர்கள் விரட்டவில்லை. இங்கத்திய லீக் அந்த நான்கு பேரிடமிருந்துதான் வளர்ந்தது என்பது என் கணிப்பு.

1997இல் இந்த நாடு கடனில் மூழ்கி ஐ.எம்.எஃப். வாசலில் நின்றது. வேலை போனவர்களில் பலர் கையில் இருந்த பணத்தைப் போட்டு ‘பிசி பாங்’ திறந்தார்கள். பாங் என்றால் அறை. மணிக் கணக்கில் காசு. இப்போதும் அப்படித்தான், உட்கார்ந்த இடத்துக்கே ராமியோன் நூடுல்ஸ் வந்துவிடும். 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற அமெரிக்க கேம் வந்தது. 1999இல் ஒரு கார்ட்டூன் சேனல் அதன் போட்டியை ஒளிபரப்பிப் பார்த்தது. ஜனங்கள் பார்த்தார்கள். அடுத்த வருடமே கேமுக்கென்று தனிச் சேனல் வந்துவிட்டது. ஆடுகிறவனுக்குச் சம்பளம், அணிக்கு டெலிபோன் கம்பெனி ஸ்பான்சர் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. 2007இல் விமானப் படையே ஓர் அணி வைத்தது என்றால் நம்புவாயா? கட்டாய ராணுவ சேவைக்குப் போன ஆட்டக்காரர்கள் அதில் ஆடினார்கள்.

2004 ஜூலையில் பூசான் நகரத்துக் குவாங்கல்லி கடற்கரையில் ஒரு ஸ்டார்கிராஃப்ட் இறுதிப் போட்டி. ஒரு லட்சம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். கடற்கரையில் தலையை எண்ணியது யார் என்று நீ கேட்பாய், நியாயம்தான். ஆனால் அன்று அதே ஊரில் பேஸ்பால் நட்சத்திர ஆட்டம் நடந்தும் கூட்டம் மணலுக்குத்தான் போனது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. கபடி யாருடைய சொத்தும் இல்லை. இந்த ஆட்டங்களுக்கு முதலாளி உண்டு. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் ஒளிபரப்பு உரிமைச் சண்டை நீதிமன்றம் வரை போனது. அதே வருடம் சூதாட்டத்துக்காகத் தோற்றுக்கொடுத்த ஆட்டக்காரர்களும் பிடிபட்டார்கள். 2003இல் தொடங்கிய ஸ்டார்கிராஃப்ட் அணிகளின் லீக் 2016இல் மூடப்பட்டது. அதற்குள் கூட்டம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு மாறியிருந்தது. 2012இல் அதன் கொரிய லீக்கைத் தொடங்கியதும் அதே கேம் சேனல்தான். இப்போது ஒளிபரப்பு முதல் அரங்கு வரை கேம் கம்பெனியின் கையில். 2021 முதல் பத்து அணிகள் நிரந்தரம், தோற்றாலும் கீழே இறக்கமாட்டார்கள். ஆனாலும் ஆட்டக்காரர் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று அணிகள் புலம்புகின்றன. எனக்கு ஆச்சரியமில்லை. 400 சீட்டில் என்ன வசூல் தேறும்?

ஃபேக்கர் என்கிற லீ சாங்ஹ்யோக் 1996இல் பிறந்தவர். பள்ளியைப் பாதியில் விட்டவர். 2013 தொடங்கி 2025 வரை ஆறு உலகக் கோப்பைகள், எல்லாம் ஒரே அணிக்கு. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதால் ராணுவ சேவையிலிருந்து விலக்கும் கிடைத்தது. இருபத்தைந்தில் விரல் தளர்ந்துவிடும் என்று சொல்லப்படும் தொழிலில் இன்னும் ஆடுகிறார்.

நாளைக் காலை ரயிலில் பூசான் போகிறேன். குவாங்கல்லி மணலில் ஒரு லட்சம் பேர் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி