முதலில் அடை, பிறகு உடை

ராயபுரத்துப் பழைய வீடுகளில் எனக்கு அடிக்கடி வரும் வேலை, வாசலை இடம் மாற்றுவது. தூண், பீம் எதுவும் இருக்காது. 9 இஞ்ச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்கும். பின்கட்டில் நாலு பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பிக்கிறவர், “மேஸ்திரி, இந்த வாசலை நாலடி தள்ளி வெச்சா மெஷினை வரிசையாப் போட்டுக்கலாமுங்க” என்பார். சிலர் வாஸ்து சொல்வார்கள். சுவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

10 அடி அகல அறை என்றால், மூன்றரை அடி வாசலுக்கு மேலே தளமும் அதன்மேல் ஆள், சரக்குமாகச் சுமார் ஒரு டன் வந்து இறங்கும். இரண்டு பக்கமும் அறை இருந்தால் இரண்டு மடங்கு. அதை வாசலுக்கு மேலே குறுக்கே கிடக்கும் பழைய லிண்டல் வாங்கி இரண்டு ஓரத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நாலடி தள்ளினால் நடுவே மிஞ்சுவது அரையடிச் சுவர். பழைய லிண்டலின் ஒரு முனை உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான். புதிய வாசலைத் தட்டித் திறக்கிறபோது அந்த அரையடி ஆடிவிட்டால் இரண்டு லிண்டலுக்கும் பிடிமானம் போய்விடும். அதனால் பழைய வாசலை அடைத்த பிறகே புதியதில் உளி வைப்பேன்.

அடைப்பது ஒப்புக்குச் செய்கிற வேலை அல்ல. பழைய நிலையைக் கழற்றி, ஓரத்துச் செங்கலை வரி விட்டு வரி எடுத்து, பல் விட்டுக் கட்ட வேண்டும். ஒரே நாளில் உச்சி வரை ஏற்றக் கூடாது. லிண்டலுக்கு அடியில் ஓர் இஞ்ச் சந்து விட்டு, கட்டு இறுகி அமர நாலு நாள் தருவேன். பிறகு 1:3 கலவையை ஏறக்குறைய உலர்வாகப் பிசைவோம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அதைச் சந்துக்குள் திணித்து, இரும்புப் பட்டையை வைத்துச் சுத்தியலால் அடிப்போம். முதலில் பொத்பொத்தென்று கேட்கும். சத்தம் கணீரென்று மாறினால் பழைய லிண்டல் முழு நீளத்துக்கும் அடைப்பின்மேல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் புதியது. சுவரின் இருபுறமும் தளத்துக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி முட்டு. முன்கூட்டியே வார்த்த நாலரை இஞ்ச் அகல லிண்டல் இரண்டு. சுவரின் ஒரு முகத்தில் பாதிக் கனம் மட்டும் வெட்டி ஒன்றைச் செருகி, மேலே அதே உலர்கலவையால் இறுக்கி, அது பிடித்த பிறகு மறுமுகம். பழைய லிண்டலின் முனைமேலேயே புதியதை ஏற்றி உட்கார வைத்தால் பழையதை வெட்ட வேண்டியதில்லை. கடைசியில் கட்டிங் மெஷினால் கோடு போட்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு கல்லாக எடுப்போம். சம்மட்டிக்கு அங்கே வேலையில்லை.

கம்பெனிக்காரர்கள் இதைத் தீபாவளி லீவில் முடிக்கச் சொல்வார்கள். ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், மெஷின் ஓடாது. லீவு நாட்கள் திறப்பதற்குப் போதும், அடைப்பு இறுகப் போதாது. ஆயுத பூஜைக்கு முன்பே லிண்டலை வார்த்து, பழைய வாசலையும் அடைத்துவிட வேண்டும். அதுவரை பின்கட்டுக்குச் சந்து வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். “என்ன செலவாகுமுங்க?” என்று கேட்பவரிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அதற்குச் சம்மதித்தால் ரூபாய்க் கணக்குப் பேசலாம்.