சாரைச் சட்டை சொன்ன வம்சம்

சேலையூர், 8 ஜூலை 2025, செவ்வாய்

வனத்துறை அனுமதியோடு எடுத்த சாரைப்பாம்புச் சட்டை இன்று ஆய்வகத்துக்கு வந்தது. அகரம்தென் பக்கம் வயல் வரப்பில் கிடந்தது. பாம்பைத் தொடாமலே அதன் மரபணுவைப் படிக்க முடியும் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வெயிலில் காய்ந்த சட்டையில் உட்கருவின் டிஎன்ஏ சிதைந்துபோகும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஒரு செல்லுக்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், கொஞ்சமாவது தப்பும். தாய்வழியாக இறங்குவதால் வம்சம் தேடவும் அதுவே தோது.

11 ஜூலை, வெள்ளி

சட்டைத் துண்டுகளைக் கழுவி, புரோட்டினேஸ் கே நொதியில் இரவு முழுக்க 56 டிகிரியில் வைத்திருந்தோம். கெரட்டின் லேசில் கரையாது. டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்த பிறகுதான் இளகியது. குளிர்ந்த எத்தனாலில் டிஎன்ஏ படிந்தது. வரிசைப்படுத்த அனுப்பியாயிற்று.

29 ஜூலை, செவ்வாய்

தரவு வந்துவிட்டது. சாரையின் மைட்டோகாண்ட்ரியாவிலும் நமக்கு இருக்கும் அதே 37 மரபணுக்கள்: புரதங்களுக்கு 13, டிஆர்என்ஏ 22, ஆர்ஆர்என்ஏ 2. 1981-இல் படித்த மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வளையம் 16,569 எழுத்து. 1998-இல் ஜப்பானியர் முதன்முதலாக முழுதாகப் படித்த பாம்பு வளையம் 17,191. பாம்பில் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டு இருப்பதே இந்த நீளத்துக்கு முக்கியக் காரணம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்து, அச்சு அசல் ஒரே மாதிரி. வரிசைப்படுத்தலில் கிடைத்த 150 எழுத்துத் துண்டு எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது; இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

13 ஆகஸ்ட், புதன்

கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஒன்று சைட்டோகுரோம் பி, 12எஸ் மரபணுக்களுக்கு நடுவே இருக்கிறது. மற்றது என்டி1, என்டி2 நடுவே. அந்த அண்டை மரபணுக்களில் பிரைமர் பொருத்தி, இரண்டையும் தனித்தனியாகப் பிசிஆரில் பெருக்கிப் படித்தோம். வளையம் மூடிவிட்டது!

16 ஆகஸ்ட், சனி

ஈரான் முதல் தைவான் வரை பரவிய பாம்பு சாரை. எங்கெங்கே கிளை பிரிந்தது என்று அறிய, ஊர்வாரியாக இப்படிப் படிக்க வேண்டும். ஒருகாலத்தில் தோலுக்காகவே சாரையைக் கொன்றார்கள். அப்படித் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் பழங்குடியினர், 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, விஷமுள்ள பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்து உயிரோடு விடுகிறார்கள். சென்னைப் பாம்புப் பண்ணையும் 1972-இல் கிண்டிக்குப் போகும் முன் இதே சேலையூரில்தான் இருந்தது. அந்த ஊரில் இன்று ஏரிக்கரை வீடுகளில் சாரையைக் கண்டதும் தடியெடுக்கிறோம். சாரைக்கு விஷம் கிடையாது, எலியைத் தின்னும். அடிக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.