கச்சேரியின் விலை

கந்தளாய்க் குளக்கரையில் நின்று கருநாடக இசைக் கச்சேரிக்குரிய அனுமதிச்சீட்டின் விலையைச் சிந்திப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அச்சிந்தனைக்கு அவ்வூர் மிகவும் பொருத்தமானது. குளக்கோட்டன் அக்குளத்தைக் கட்டிக் கோணேசர் கோயிலுக்கு வயல்நிலங்களை அமைத்தான் என்பது 'கோணேசர் கல்வெட்டு' பேணிய தமிழ் மரபு. கட்டியவர் யார் என்பதிற் சிங்கள மரபு வேறு கூறும். அவ்வழக்கு இங்கு வேண்டியதன்று. குளத்து நீர் நெல்லாகி, நெல் கோயிற் பணிகளைத் தாங்கிய ஒழுங்கே இங்குக் கருதத்தக்கது. முதலாம் விஜயபாகு காலத்துப் பழமோட்டைத் தமிழ்க் கல்வெட்டும், பிராமணப் பெண்ணொருத்தி இறந்த தன் கணவன் பொருட்டுக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறி, அதனை வேளைக்காரரின் காவலில் வைக்கின்றது.

இத்தகைய ஒழுங்கில் வாயிலில் நின்று காசு வாங்குவார் இல்லை. அதனால் மக்கள் இசையை இலவசமாகக் கேட்டனர் என்பதும் சரியன்று. விலை வயலிலேயே செலுத்தப்பட்டுவிட்டது.

ஈழத்துக் கோயில்களில் இம்முறை உபயம் என்ற வடிவில் நிலைத்தது. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்கத் திரண்டவர்கள் சீட்டு வாங்கியவர்கள் அல்லர். செலவை அன்றைய உபயகாரர் ஏற்றார். விளம்பரமும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. இன்னாருடைய மேளம் என்ற சொல் ஊர்விட்டு ஊர் பரவினாற் போதும். ஆனால் கலைஞர் உபயகாரரின் முகம் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நினைப்போர், கோயில் இசை எல்லோர்க்கும் பொது என்ற கூற்றையும் அளந்தே வழங்குவர்.

சபாவின் அனுமதிச்சீட்டு இவ்விரு தளைகளையும் ஓரளவு தளர்த்தியது என்பதை மறுத்தற்கில்லை. சென்னையில் 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக, 1928இல் மியூசிக் அகாதெமி தொடங்கிற்று. மார்கழிக் கச்சேரிகள் வளர வளர, விலை வித்துவானின் பெயரைப் பின்தொடர்ந்தது. புகழ்பெற்றோரின் மாலைக் கச்சேரிக்குச் சீட்டு; இளையோரின் நண்பகற் கச்சேரி பெரும்பாலும் இலவசம். அந்த இலவசத்தின் விலையை இறுப்பவர் யார்? பல்லாண்டுப் பயிற்சியையும் பயணச் செலவையும் சுமந்து, வெற்று நாற்காலிகளை நோக்கிப் பாடும் இளங்கலைஞரே.

திருவையாற்று ஆராதனையை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் உளர். பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் தியாகராசர் சமாதியிற் கோயில் எழுப்பினார். அங்கே வித்துவான்கள் சன்மானம் பெறாது பாடுகின்றனர். அஃது அவர்கள் தாமே விரும்பிச் செலுத்தும் காணிக்கை. அதனைச் சான்றாக்கி விழாக் குழுவினர் ஊதியத்தை மறுப்பது முறையன்று. 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் தொடங்கிய விழாவே இவ்விடத்து நினைக்கத்தக்கது. அது கட்டணத்தை நீக்கியதோடு அமையாது, கச்சேரி நடக்கும் இடத்தையே மாற்றியது.

கந்தளாயிற் கலைவிழா எடுக்க எண்ணுவோர்க்கும் இடமே முதற் சிக்கலாகும். திருகோணமலை நகரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; கடைசிப் பஸ் புறப்பட்ட பின்னரும் பல்லவி பாடப்படுமாயின், சீட்டின் விலை எதுவாயினும் பயனில்லை. சிங்களவரும் முசுலிம்களும் தமிழரும் வாழும் ஊரில் துண்டுப்பிரசுரம் தமிழில் மட்டும் அச்சாகுமாயின், அதுவும் ஒரு மூடிய கதவே. முன்வரிசையை விலைக்கு விட்டுப் பின்னுள்ள பாய்களைப் பொதுவாக்கலாம். ஊர் வணிகர் சிலர் ஒவ்வொரு நாட்செலவை உபயமாக ஏற்கலாம். ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரம் அச்சகத்துக்குச் செல்வதற்கு முன்னரே, அதில் எவருடைய பெயர் மிகச் சிறிய எழுத்தில் வரவிருக்கின்றதோ அவருக்குரிய சன்மானத்தை எடுத்து வைத்தல் வேண்டும்.